தோட்டத்துள் ஒரு தோட்டம்

'தோட்டம்' என்னும் சொல் ஈழத் தமிழரிடையே இருவேறு பொருளில் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தோட்டம் எனின், கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடும் தன் சிறு நிலத்தையே கருதுவான். மலையகத் தொழிலாளி தோட்டம் எனின், நூற்றுக்கணக்கான ஏக்கரிற் பரந்த தேயிலைப் பெருநிலத்தையும், அதன் தொழிற்சாலையையும், லயங்களையும், பிரட்டுக் களத்தையும், அங்கு வாழும் மக்களையும் ஒருங்கே கருதுவான். முன்னவனுக்குத் தோட்டம் உடைமை. பின்னவனுக்கோ அது பிறந்து வளர்ந்து உழைத்து மடியும் இடம், உடைமையன்று.

எனினும், அப்பெருந்தோட்டத்தினுள்ளே லயத்தின் ஓரத்திலும் ஓடையின் கரையிலும் தொழிலாளர் குடும்பங்கள் பயிரிட்டுவரும் சிறுதோட்டங்கள் பல உள. அவை தனித்தனியே கிடப்பனவா? ஒன்றுகூடிக் கழகமாய் இயங்குதற்குரிய இயல்பு அவற்றில் உண்டா? உண்டெனின், அதற்குத் தடையாய் நிற்பது யாது? இவ்வினாக்களைப் பொகவந்தலாவையை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

இடமும் வரலாறும்

பொகவந்தலாவை நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. அட்டனிலிருந்து நோர்வூட் வழியாகச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு. கெசல்கமுவ ஓயா இதனூடே ஓடிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அந்நீர் பின்னர்க் களனி கங்கையாகிக் கொழும்பை அணுகிக் கடலிற் கலக்கும். வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை இப்பள்ளத்தாக்கில் வலுத்துப் பொழியும்; தை, மாசி மாதங்களில் வெயிலும் இரவுக் குளிரும் மிகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளில் முதலில் வந்த பெரும்பயிர் கோப்பி. 1869 ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் அதனை அழித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காட்டை அழித்துக் கோப்பியை நட்டவரும், அதனைப் பிடுங்கித் தேயிலையை நட்டவரும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே. அம்மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்தமை 2023 ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டது. ஆகவே, பயிர்த்தொழில் இம்மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டிய கலையன்று. அவர்கள் பயிர் செய்யாத நாளில்லை. தமக்கெனப் பயிர் செய்த நாளே அரிது.

கழகங்களின் இரு வழிகள்

தோட்டக் கழகம் என்பது, தோட்டஞ் செய்வோர் விதையையும் அறிவையும் உழைப்பையும் தம்முட் பகிர்ந்துகொள்ளும் கூட்டம். உலக வரலாற்றில் இஃது இரு வழிகளில் வளர்ந்துள்ளது.

ஒன்று, செல்வரும் அறிஞரும் வகுத்த வழி. 1804 இல் இலண்டனில் தோன்றிய தோட்டக்கலைச் சங்கமும், 1820 இல் வில்லியம் கேரி கல்கத்தாவில் நிறுவிய சங்கமும், 1835 இல் சென்னையில் எழுந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கமும் இவ்வழியின. இலங்கையில் 1821 இல் அமைந்த பேராதனைப் பூங்காவும், 1861 இற் சிங்கோனாப் பயிரின் பொருட்டுத் தொடங்கப்பெற்ற அக்கலைப் பூங்காவும், 1897 இல் விக்ரோறியா மகாராணியாரின் வைரவிழா நினைவாக நுவரெலியாவில் எழுந்த பூங்காவும் இவ்வகை முயற்சியின் உடன்பிறப்புகள். இவற்றாற் பயன் விளைந்ததில்லை என்றல் பொருந்தாது. எனினும், செடியை அறிதலும் மலரைக் காட்சிப்படுத்தலும் இவற்றின் முதல் நோக்கமாயின. செடியை நட்ட கையின் பசி அடுத்ததாயிற்று.

மற்றையது, உழைப்போரின் தேவையிற் பிறந்த வழி. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1865 இல் மருத்துவர் ஷ்ரேபரின் பெயரால் ஒரு விளையாட்டு மைதானம் திறக்கப்பட்டது. அதன் ஓரத்திற் சிறுவருக்கெனப் பாத்திகள் வகுக்கப்பட்டன. சிறுவர் விரைவிற் சலித்தனர். பெற்றோர் மண்வெட்டியை எடுத்தனர். அப்பாத்திகளே வேலியும் குடிலும் கொண்ட குடும்பத் தோட்டங்களாய் வளர்ந்து, நாடெங்கும் பரவிய சங்கங்களுக்கு வித்தாயின. பிரித்தானியாவில் 1908 ஆம் ஆண்டுச் சட்டம், ஓர் ஊரில் வாக்காளரோ வரி செலுத்துவோரோ அறுவர் எழுத்தில் வேண்டுவாராயின், சிறுதோட்டங்களுக்கான தேவையை உள்ளூராட்சி மன்றம் கருத்திற் கொள்ளவேண்டும் என விதித்தது. ஆறுபேரின் கையொப்பத்துக்கு அத்துணை மதிப்பளித்தது அச்சட்டம். ஆயின், அவ்வறுவரும் வாக்குரிமையோ வரிப்பதிவோ உடையராய் இருத்தல்வேண்டும் என்பதும் அதனுள் அடங்கியது. இக்குறிப்பு மலையகத்தை ஆராயுங்கால் மீண்டும் பயன்படும்.

இலங்கையில் 1904 ஆம் ஆண்டு ஆளுநர் சேர் ஹென்றி பிளேக் காலத்தில் இலங்கை விவசாயச் சங்கம் நிறுவப்பட்டது. விதை வழங்கல், கிளைச் சங்கம் அமைத்தல், கண்காட்சி நடத்துதல் என்பன அதன் பணிகள். அதனையொட்டிய காலத்தே கிராமப் பாடசாலைகளில் தோட்டம் அமைக்கும் திட்டமும் நடைபெற்றது. அதன் மேற்பார்வையாளராய் இருந்த டிறீபேர்க் என்பார், சிறுவனுக்குக் கொடுத்த விதை அவன் வீட்டு முற்றத்திலும் முளைக்கும் என்னும் துணிபோடு உழைத்தவர். இது கிராமங்களிற் பெரிதும் பயன்பட்டது. தேயிலைத் தோட்டங்களின் பாடசாலைகளோ நிருவாகங்களின் பொறுப்பிலேயே நெடுங்காலம் இருந்தன. அவற்றை அரசு முறையாக ஏற்கத் தொடங்கியது 1970 களிலேயே. ஆதலின் கிராமத்துக்குக் கிட்டியது லயத்துக்கு எளிதிற் கிட்டவில்லை.

நந்தவனம் காட்டும் நெறி

தமிழரிடத்தே இத்தகைய கூட்டுமுயற்சி முன்பு இருந்ததில்லை எனக் கருதுதல் வேண்டா. கோயிலையொட்டிய நந்தவனம் ஊர்ப் பொதுத் தோட்டமாகும். திருப்புகலூரில் மலர் பறித்து மாலை தொடுத்த முருக நாயனாரைச் சேக்கிழார் போற்றியுள்ளார். திருநாவுக்கரசர் கையிற் கொண்ட உழவாரப்படையும் புல் செதுக்கும் கருவியே. சோழர் காலக் கல்வெட்டுக்களில் நந்தவனப்புறம் என ஒருவகை நிலக்கொடை காணப்படும். பூஞ்செடி வளர்தற்கு இடம் விட்டதோடு அமையாது, அச்செடியைப் பேணுவோர் உண்டு வாழ்தற்கும் நிலம் விட்டனர் முன்னோர். தோட்டம் நிலைபெற வேண்டுமாயின், தோட்டஞ் செய்பவன் நிலைபெறவேண்டும் என்னும் உண்மையை அவர்கள் கல்லிற் பொறித்துச் சென்றனர்.

இன்றும் மலையகத்திற் பெரும்பாலான தோட்டங்களில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அதன் அருகே செவ்வந்தியோ ரோசாவோ செவ்வரத்தையோ நட்டுப் பேணுவோர் உண்டு. கழகம் என்ற பெயரின்றியே கழகத்தின் பண்பு அங்கு வாழ்கின்றது.

சரிவில் தனித்தோட்டம் இல்லை

சமவெளியில் ஒருவன் தன் வேலிக்குள்ளே ஓரளவு தனித்துப் பயிர் செய்தல் இயலும். மலைச்சரிவில் அஃது இயலாது. இதற்குக் காரணம் மூன்று.

முதலாவது நீர். மேலே உள்ளவன் பாத்தியைச் சரிவின் போக்கில் மேலும் கீழுமாக வகுத்தால், மழைநீர் அதனையே வாய்க்காலாகக் கொண்டு விரைந்தோடிக் கீழுள்ளவன் பயிரைப் பெயர்க்கும். சமவுயரக் கோட்டில் குறுக்காகப் பாத்தி வகுத்து, இடையிடையே கான் வெட்டி, கானினுள்ளே குழியும் தடுப்பும் விட்டால், நீர் தங்கி ஊறும். மண் குழியிற் படியும். படிந்த மண்ணை வாரி மீண்டும் பாத்தியில் இடலாம். தேயிலை மலையிற் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இம்முறை நன்கு தெரியும். ஆயின், மேல் வீட்டார் வெட்டிய கான் கீழ் வீட்டார் கானோடு பொருந்தாவிடின் இருவர் உழைப்பும் வீண்.

இரண்டாவது மண். மேல்மண் இழப்பைத் தடுக்கும்பொருட்டு இலங்கையில் 1951 ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கற்கட்டு அமைத்தலும், வரம்பில் மானாப்புல் நடுதலும், வெறுநிலத்தை இலைகுழையால் மூடுதலும் மண்ணைக் காக்கும் எளிய வழிகள். பொகவந்தலாவையிற் கரைந்த மண் அங்கேயே கிடப்பதன்று. ஓயாவிற் சேர்ந்து நீர்த்தேக்கத்தின் அடியிற் படிகின்றது. ஒரு லயத்தின் கொல்லையிற் செய்யும் பிழை, மின்னொளி பெறும் தொலைதூர நகரத்தையும் தீண்டுகின்றது.

மூன்றாவது நோய். தேயிலை புளிப்புத்தன்மை மிக்க மண்ணை விரும்பும் பயிர். கார அமிலக் குறியெண் 4.5 முதல் 5.5 வரை அதற்கு ஏற்றது. மரக்கறிப் பயிர்களுட் பெரும்பாலானவை 6 ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் உள்ள மண்ணிலேயே செழிக்கும். புளித்த மண்ணில் நடப்பட்ட கோவாவின் வேர் திரண்டு கரணைபோற் பருத்துச் சிதையும். நண்பகலில் இலை வாடி, மாலையில் மீண்டு, சில நாளில் முற்றாகத் தளர்தல் அதன் அறிகுறி. இந்நோயின் வித்து மண்ணிலே பல்லாண்டு உறங்கிக் கிடக்கவல்லது. நாற்றின் வேரிலும், மண்வெட்டியின் அலகிலும், செருப்பின் அடியிலும், ஓடும் மழைநீரிலும் அது செல்லும். டொலமைற் சுண்ணாம்புத்தூள் இட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்தலும், பயிரை மாற்றி நடுதலும் இதற்கு மருந்து. கோவாவுக்குப்பின் நோக்கோலோ முள்ளங்கியோ நடுதல் மாற்றுப்பயிர் ஆகாது. அவை ஒரே குடும்பத்தன. போஞ்சி, கரட், லீக்ஸ் என்பனவே ஏற்ற மாற்று. உருளைக்கிழங்கைத் தாக்கும் வெளிறல் நோயோ குளிரும் ஈரமும் கூடிய நாளிற் காற்றிலே பரவும். வேலி அதனைத் தடுக்கமாட்டாது. ஒருவர் காலத்தே நோயுற்ற செடியை அகற்றாவிடின் பத்துப்பேர் விளைவை இழப்பர்.

உழுதலினும் எருவிடுதலும், நீர் பாய்ச்சுதலினும் காத்தலும் மேலானவை என வள்ளுவர் உழவு அதிகாரத்திற் கூறினார். மலைச்சரிவிற் காத்தல் என்பது ஒருவரால் ஆவதன்று. ஆகவே இங்குக் கழகம் அணியன்று. பயிர்த்தொழிலின் ஒரு கருவி.

லயத்தோரச் சிறுதோட்டம்

இனி, இக்கருவி இல்லாமலே மக்கள் செய்துவரும் தோட்டத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். விடியலில் பிரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் நிறுவைக்குப்பின் திரும்பும் பெண்ணே பெரும்பாலும் இத்தோட்டத்தின் தலைவி. வெளிச்சம் மறையுமுன் கிடைக்கும் ஒரு நாழிகையும், ஞாயிற்றுக்கிழமையுமே அவளுக்குரிய காலம். மாட்டுப்பட்டியிற் சேரும் சாணமும், அடுப்புச் சாம்பலும், களையெடுத்த புல்லும் எரு. கூரையினின்று வழியும் மழைநீரும் ஓடையும் பாசனம். சௌசௌக் கொடி பந்தலிற் படரும். அதன் காயும் கொழுந்தும் உணவாகும். போஞ்சி, பூசணி, வற்றாளை, சோளம், கீரை, மரத்தக்காளி ஆகியன இடத்துக்கேற்ப இடம்பெறும். மிகுந்ததை அயல் வீட்டார்க்கு ஈவர். சிறிது நகரத்துக் கடைக்கும் செல்லும். நல்ல போஞ்சிக் காயை முற்றவிட்டு உலர்த்தி, சாம்பலிற் புரட்டிப் புட்டியில் அடைத்து, மகளை மணஞ்செய்து கொடுத்த அயற்றோட்டத்துக்கும் அனுப்புவர். விதை வங்கி எனப் பேரறிஞர் கூறுவது இதுவே.

இதன் பயன் காய்கறி மட்டுமன்று. தேயிலைத் தோட்டத்தில் எந்தச் செடியை எப்போது கவ்வாத்து செய்வது, எந்த மலையில் என்று பறிப்பது என்பன வேறொருவர் ஆணை. லயத்தோரத்தில் எதனை நடுவது, எப்போது பறிப்பது, யாருக்குக் கொடுப்பது என்பன அக்குடும்பத்தின் முடிபு. ஒரு பாத்திப் போஞ்சியில் அவர்கள் பெறும் முதற்பொருள் அத்தன்னுரிமையே.

நிலம் என்னும் தடை

இத்துணை அறிவும் உழைப்பும் ஒத்துழைப்பும் இருந்தும், இவை நிலையான கழகமாய் மலராமைக்குக் காரணம் யாது? நிலம் தமதன்று என்பதே. லயத்தோரப் பாத்தி நிருவாகத்தின் இசைவினாற் கிடைத்தது. இசைவு நீங்கின் பாத்தியும் நீங்கும். நாளை தன்னதாகுமோ என அறியாத மண்ணிற் கற்கட்டு அமைப்பார் யார்? ஐந்தாண்டு கழித்துக் காய்க்கும் பேரி மரத்தை நடுவார் யார்? ஆதலால் மூன்று மாதத்தில் விளைவனவே விதைக்கப்படுகின்றன. மண்ணைக் காக்கும் நெடுங்காலப் பணிகள் கைவிடப்படுகின்றன. இதனைச் சோம்பல் என்பார் உண்மை அறியாதார்.

வரலாறும் இவ்வச்சத்தை வளர்த்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிபு 1974 இலேயே எட்டப்பட்டது. கடல் கடந்து சென்ற குடும்பம் தான் வளர்த்த மரத்தைக் கொண்டுசெல்ல இயலுமோ? நாடற்ற நிலையின் எச்சத்தைத் தீர்க்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. பிரித்தானியச் சட்டம் அறுவர் கையொப்பம் வேண்டியதை ஈண்டு நினைத்தல் தகும். குடியுரிமையின்றி வாக்கில்லை, வாக்கின்றிக் கேள்வியில்லை, கேள்வியின்றித் தோட்டநிலமும் இல்லை.

1973, 1974 ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது அதன் கொடுமையைப் பெரிதும் அநுபவித்தவர் தோட்டத் தொழிலாளரே. பட்டினியால் மாண்டாரும் பலர். பசும்பயிர் சூழ்ந்த மலையில், உண்ணற்குரிய பயிர் இன்மையாற் பசி வந்தது. அண்மையிலும் ஒரு சோதனை நேர்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலையேற்றம் ஓராண்டில் 94.9 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டஞ் செய்தற்பொருட்டு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை இசைந்தது. நோக்கம் நன்றே. ஆயின், வேலைக்குச் செல்லாத நாளிற் கூலியில்லாத தொழிலாளிக்கு அத்தகைய வெள்ளிக்கிழமை ஏது?

ஏழு பேர்ச்சின் கணக்கு

அண்மைக் காலத்தில் ஒரு வாயில் திறந்துள்ளது. லயத்தினின்று வெளியேறித் தனிவீட்டில் வாழ்தற்கெனக் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சு நிலம் என்னும் திட்டம் 2015 க்குப் பின் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியோடு 4,000 வீடுகள் கட்டும் பணி தொடங்கியது. 2017 மே 12 அன்று பொகவந்தலாவைக்கு அயலிலுள்ள நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்.

ஒரு பேர்ச்சு 272 சதுர அடிக்குச் சற்று மிகும். ஏழு பேர்ச்சு ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போக 1,350 எஞ்சும். மலசலகூடமும் வழியும் நீங்க, முயன்றால் ஆயிரம் சதுர அடி தோட்டமாகலாம். ஜேர்மனியின் 1983 ஆம் ஆண்டுச் சட்டம் நகரவாசி ஒருவருக்கு வீடு நீங்கலாகத் தோட்டத்துக்கே 400 சதுர மீற்றர் வரை இடமளிக்கின்றது. அஃது ஏறத்தாழ 16 பேர்ச்சு. ஓய்வுநேரத் தோட்டத்துக்கு அங்குள்ள அளவில் பாதியும் இங்கு வீட்டோடு கூடிய முழுநிலத்துக்கு இல்லை. எனினும், உறுதியோடு கூடிய ஏழு பேர்ச்சு, உறுதியற்ற ஓர் ஏக்கரினும் மேலானது. உறுதி கையில் உள்ளவன் பேரி மரம் நடுவான்.

கழகம் செய்யத்தக்கன

இந்நிலையிற் பொகவந்தலாவை போன்ற இடத்தில் ஒரு தோட்டக் கழகம் செய்யத்தக்கன சில உள. இருபது குடும்பங்கள் தனித்தனியே நாற்று வாங்குதலினும், நோயற்ற மண்ணில் ஒரு பொது நாற்றுமேடை அமைத்தல் சிக்கனமும் காப்புமாம். சுண்ணாம்புத்தூளை மொத்தமாக வாங்கிப் பங்கிடலாம். இவ்வாண்டு யார் எந்தப் பாத்தியில் எதனை நட்டார் என்பதை ஒரு கொப்பியிற் குறித்துவைத்தால், அடுத்த போகத்துப் பயிர்மாற்று எளிதாகும். கான்கள் ஒன்றோடொன்று பொருந்த, மழைக்கு முன் ஒரு ஞாயிறு கூட்டுழைப்புச் செய்யலாம். காட்டுப்பன்றி வரும் இரவுகளில் முறைவைத்துக் காவல் செய்யலாம். விதையை வாங்கியோர் அறுவடையில் இருமடங்காகத் திருப்பித் தருதல் பண்டைய வழக்கம், அதனை மீட்கலாம்.

இவற்றுக்குப் பாடசாலை நல்ல தொடக்கம். மண்ணின் புளிப்பை அளத்தல் விஞ்ஞானம். பாத்தியை அளத்தல் கணிதம். பாட்டியிடம் விதை வகையின் பெயர்களைக் கேட்டெழுதுதல் தமிழ். லைப்சிக்கிற் சிறுவர் தொடங்கியதைப் பெற்றோர் தொடர்ந்தனர். இங்கோ பெற்றோர் அறிந்ததைச் சிறுவர் எழுத்திற் பதிக்கவேண்டும். கல்விகற்று மலையை விட்டுச் சென்றோரும், சமவெளிக் கல்லூரிகளில் தாவரவியலும் வேளாண்மையும் பயின்றோரும் இதற்குத் துணைசெய்தல் கடன். ஆயின் அத்துணை, அறியாதார்க்கு அறிவு புகட்டுதல் என்னும் முறையிலன்றி, அறிந்தார் இருவர் கூடுதல் என்னும் முறையில் அமைதல்வேண்டும்.

கழகம் நிலவுரிமைக்கு ஈடாகாது. விதையும் நாற்றும் கொடுத்து, உறுதியைக் கொடாதிருத்தல் நீதியன்று. ஆயினும், இருபது குடும்பம் ஒரு கொப்பியிற் பெயரெழுதிக் கூடி நிற்கும்போது, தனித்து நின்றபோது கேட்க இயலாத உரிமையைக் கேட்கும் குரலும் கூடவே பிறக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனும் பொகவந்தலாவைத் தொழிலாளியும் தோட்டம் என்னும் ஒரு சொல்லை ஒரே பொருளிற் சொல்லும் நாள், அக்குரலாலேயே அணுகும்.